காற்றை இரண்டு பேர் திருப்பினோம்

கீர்த்தனாவுக்கு,

நம் வானிலை இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. வேலைக்காகப் புனேவுக்குக் கிளம்பும்போது, "அதுல மட்டும் நீங்க எழுதுங்ப்பா, கருவி என்ன, எங்க மாட்டியிருக்குதுன்னு நாலு வரி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் நடந்த கூத்து நாலு வரியில் அடங்குவதாக இல்லை. அதனால் அந்தப் பக்கத்தில் உனக்கு ஒரு கடிதமே எழுதிப் போடுகிறேன். ஊரே படிக்கட்டும். தளத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கும் இது தெரிய வேண்டிய சங்கதிதான். போன வாரம் ஒரு மத்தியானம் மழை இல்லை என்று அவர்கள் பார்த்த பச்சை, பொய்ப் பச்சை. அதை நம்பி என் அக்காவின், அதாவது உன் சரசு அத்தையின், ஒரு வருஷத்து மஞ்சள் களத்தில் திறந்து கிடந்தது. ரயிலில் இருந்த உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகளுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிற வயசா உங்களுக்கு என்று கேட்பாய். நியாயம்தான். டிப்ளமா முடித்த கையோடு வேலை, வேலை கிடைத்த கையோடு கல்யாணம், கல்யாணம் ஆன கையோடு நீ. உன்னைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று வாசலில் இருந்த காவலாளி என்னைப் பார்த்து, "அண்ணனெல்லாம் வெளிய நில்லுங்க, அப்பா வந்திருந்தா உள்ள வரச் சொல்லுங்க" என்றதை உன் அம்மா இன்னும் ஒறம்பரை, சொந்தக்காரர் வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு நரையும் இல்லை, நிதானமும் இல்லை. கோழிப்பண்ணைகளில் ஃபேன் ஓடவில்லை, தண்ணீர் தெளிக்கிற மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டால் ஓடிப்போய் பேனலைத் திறந்து பார்க்கிறவன் நான். எங்கே கோளாறு என்று தெரிகிறவரை சோறு இறங்காது. தெரிந்துவிட்டால் யாரையும் கேட்காமல் கை வைத்துவிடுவேன். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள். கதையே அதில்தான் இருக்கிறது.

காற்றையும் வெப்பத்தையும் மழையையும் அளக்கிற அந்தக் கருவியை வாங்கிய புதிதில் தளம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். அதன் டெம்ப்ளேட்டை எந்தக் குளிர்தேசத்துக்காரன் எழுதினானோ, நம் நாமகிரிப்பேட்டைக்கு 'இன்றைய பனிப்பொழிவு: பூஜ்யம்' என்று தினமும் நாணயமாகக் காட்டிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் 'காற்றுக் குளிர்ச்சி' என்று ஒரு கட்டம். அதில் வெறும் கோடு. வெப்பம் ஃபாரன்ஹீட்டில். சரசு அத்தை ஒருநாள் என் ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டு, "நூத்திரெண்டுன்னு போட்டிருக்குதே, யாருக்குடா காச்சல்?" என்று கேட்டாள். கடிகாரம் அந்த ஊர் நேரத்தில் ஓடியதால் விடியற்காலையில் பெய்த மழை முந்தின நாள் கணக்கில் ஏறி உட்கார்ந்தது. எனக்கோ அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வட்ட வட்டமாக முள் ஆடுகிற அந்த மீட்டர்களைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். விமானம் ஓட்டுகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

நீதான் அதை மனுஷர்கள் பார்க்கிற தளமாக மாற்றினாய். அதற்கு நாம் போட்ட சண்டை நம் தெருவுக்கே தெரியும். முதலில் ஃபாரன்ஹீட் போனது. சரி என்றேன். அப்புறம் நேரத்தைச் சரிசெய்தாய். அதற்கும் சரி என்றேன். பனிப்பொழிவுக் கட்டத்தை எடுத்தால் பக்கம் கோணிக்கொள்கிறது என்று அதே கட்டத்தில் உன் அம்மாவுக்காக 'துணி காயுமா?' என்று போட்டாய். ஈரப்பதத்தையும் வெயிலையும் வைத்து அது 'காயும்', 'மெதுவாகக் காயும்', 'காயாது' என்று பதில் சொன்னது. அன்றுதான் உன் அம்மா முதன்முதலாகத் தளத்தைத் திறந்தாள். அதுவரைக்கும் அது அவளுக்குக் கரண்டு பில்லை ஏற்றுகிற ஒரு சாமான். அதற்குப் பிறகு நீ என் மீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். அப்போதுதான் கத்தினேன்.

"அளக்கறதுதான் சாமி நம்ம வேலை. இப்பிடிச் செய்யி, அப்பிடிச் செய்யின்னு சொல்றது நம்ம வேலையில்ல. நாளைக்கு ஒண்ணு மாறிப்போச்சுன்னா ஊரு நம்ம சட்டையைப் புடிக்கும்."

"அப்பா, காத்தழுத்தத்தப் பாக்கறதுக்கு யாருங்ப்பா வருவாங்க? மஞ்சள அள்ளறதா வேண்டாமான்னு பாக்கத்தான் வருவாங்க. அதச் சொல்லலீன்னா இந்தக் கருவி மாடில நின்னு என்ன பிரயோஜனம்?"

வாதத்தில் தோற்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். ஒரு பேனலைப் பார்க்கணும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் காற்றின் திசைகளுக்கு நீயே பெயர் வைத்திருந்தாய். தெற்கிலிருந்து வந்தால் கொல்லிமலைக் காற்று. வடக்கிலிருந்து வந்தால் போதமலைக் காற்று. கிழக்கு, ஆத்தூர் ரோட்டுக் காற்று. மேற்குக்கு, நம் வீட்டுக்கு மேற்கே இருக்கிற பண்ணையை மனதில் வைத்து, கோழிப்பண்ணைக் காற்று. திசைக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேலி செய்தேன். நீ அடுத்த வேலையைப் பார்த்தாய். கோடையில் மத்தியானத்துக்கு மேல் கொல்லிமலையில் மேகம் கட்டி, அங்கிருந்து குளிர்ந்த காற்று இறங்கி ஊரை அடித்து, அதன் பின்னால்தான் மழை வரும். அதைப் பிடித்துக்கொண்டாய் நீ. காற்று கொல்லிமலைப் பக்கமிருந்து வீசி, வெப்பமும் சடசடவென்று இறங்கினால் பக்கம் முழுவதும் சிவப்பாகி 'அள்ளுங்க' என்று சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் பச்சை. ஜோசியம் ஒன்றும் இல்லை, இரண்டு அளவு, ஒரு நிபந்தனை. மழைக்கு முன்னால் ஒரு தார்ப்பாயை இழுக்கிற அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் களத்தில் வேகவைத்த மஞ்சளைப் பரப்பியிருக்கிறவளுக்கு அந்த அவகாசம்தான் எல்லாம்.

வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சளைத் தோண்டி, வேகவைத்து, களத்தில் பரப்பி, நாள் கணக்கில் காயவிட வேண்டும். வெந்த மஞ்சள் நடுவில் நனைந்தால் நிறம் கறுத்துப்போகும். அப்புறம் மண்டியில் கையால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். சரசு அத்தை வீட்டுக்காரர் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவர். அவர் பாதி மாதம் மகாராஷ்டிரத்தில் இருப்பார், மீதி மாதம் எங்கே என்று அவருக்கே தெரியாது. இந்த வருஷம்தான் அத்தை குத்தகைக்கு நிலம் பிடித்து, மாமாவை எதிர்பார்க்காமல், தானாக ஒரு வெள்ளாமை எடுத்தாள். "ஒரு வருசமாச்சும் என்ற பேருல மண்டியில மூட்டை எறங்கட்டும்" என்று அவள் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். அவளுக்காகத்தான் அந்தச் சிவப்பையும் பச்சையையும் செய்தாய் என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இப்போது நடந்ததுக்கு வருகிறேன். உன்னை ராத்திரி சேலம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு மேல் நம் கருவி நின்றுகொண்டிருந்தது. சூரியன் அப்போதுதான் எழுந்தது. நேரே அதைப் பார்த்தபடி கருவியில் ஒரு எழுத்து பளபளத்தது. என்ன எழுத்து? வடக்குக் குறி! வடக்கைப் பார்த்து நிற்க வேண்டிய குறி, சூரியனுக்கு நமஸ்காரம் செய்துகொண்டு நிற்கிறது. மாட்டிய அன்று திசை பார்க்க ஃபோனை அந்த இரும்பு ஸ்டாண்டு மேலேயே வைத்துப் பார்த்தவன் நான்தான். பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்த முள் தாறுமாறாகத் திரும்பும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு அன்றைக்கு அது தெரியவில்லை. கிழக்கை வடக்கு என்று நம்பி இறுக்கி முடுக்கியிருக்கிறேன். கருவி அளப்பதை அப்படியே காட்டுகிற, வீட்டுக்குள் சுவரில் தொங்குகிற டிஸ்ப்ளேவைப் போய்ப் பார்த்தேன். அதில் முந்தின நாள் சாயங்காலக் கோழிப்பண்ணைக் காற்று தெற்கு என்று பதிவாகியிருந்தது. சந்தேகமே இல்லை, கால் வட்டம் தப்பு.

உனக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் என்று நேராகவே சொல்கிறேன், வெட்கம். 'காத்து எந்தப் பக்கம்னு தெரியாதவருதான் அளக்கறதப் பத்திப் பாடம் எடுத்தாரா' என்று நீ சிரிப்பாய். நீ சிரிப்பதற்குள் சரிசெய்துவிட்டால் போயிற்று. ஸ்பேனரை எடுத்தேன், கழற்றினேன், சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு உண்மையான வடக்கைப் பார்த்து நிறுத்தினேன், முடுக்கினேன், இறங்கிவிட்டேன். ஒரு இலைகூட ஆடாத காலை, அதனால் சோதித்துப் பார்க்க முடியவில்லை. உன் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவும் இல்லை. என் மீட்டர்களைக் கழற்றிய பக்கத்தை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்ற வீம்பு அதுவரை எனக்கு இருந்தது.

அன்று மத்தியானம் அத்தையின் களத்துப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை. முடித்துவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். களம் முழுக்க மஞ்சள், வெயிலில் பார்க்கவே கண் கூசியது. அத்தை ஃபோனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு பெண்களோடு மஞ்சளைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனில் உன் பக்கம், பச்சையாக.

"வாடா தம்பி. பாரு, பிள்ளை ஊருக்குப் போயும் எனக்குக் காவலுக்கு உக்கோந்திருக்குது" என்றாள்.

"மலையில மேகம் கட்டியிருக்குதுங்க்கா."

"அது நேத்தும்தான் கட்டியிருந்துது. பச்சைன்னு போட்டிருக்குதில்ல? செவப்பானா அள்ளலாம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தெற்கிலிருந்து ஒரு காற்று வந்து என் சட்டையை முதுகோடு ஒட்டவைத்தது. சாதாரணக் காற்று இல்லை, குளிர்காற்று. உடம்பு சிலிர்த்தது. ஃபோனைப் பார்த்தேன். பச்சை. 'கோழிப்பண்ணைக் காற்று' என்று எழுதியிருந்தது. கீர்த்தனா, நான் அந்த இடத்தில் மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். கோழி நாற்றம் ஒரு துளி இல்லை! நாமக்கல் ஜில்லாவில் பிறந்தவனை மேற்குக் காற்று என்று ஏமாற்ற முடியுமா? மேலே வெப்ப எண் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் இறங்கிக்கொண்டே இருந்தது. எண்கள் மழை என்கின்றன, வார்த்தை மழை இல்லை என்கிறது. காலையில் நான் திருப்பியது கால் வட்டம். இப்போது தப்பும் அதே கால் வட்டம், ஆனால் எதிர்ப்பக்கம். அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் திருப்புவதற்கு முன்பே உன் பக்கம் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நீ என்னவோ செய்திருக்கிறாய்!

"அக்கா, அள்ளுங்க! அள்ளுங்க!"

"என்னடா கூத்து? பச்சைன்னு போட்டிருக்குதேடா!"

"அது நான் கெடுத்த பச்சைங்க்கா! அள்ளுங்க, அப்பறம் திட்டுங்க!"

திட்டுவதற்கு அவள் அப்புறம் வரை காத்திருக்கவில்லை. "கெரகம் புடிச்சவனே, உன்ற கைய வெச்சிட்டுச் சும்மா இருக்க மாட்டயா" என்று திட்டிக்கொண்டேதான் பலகையைப் பிடித்து மஞ்சளை நடுவுக்குத் தள்ளினாள். இரண்டு பெண்களும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மாமாவின் பழைய லாரித் தார்ப்பாய்களை இழுத்து வந்தோம். காற்று அவற்றைப் பாய்மரம் மாதிரி தூக்கியது. ஒரு முனையைப் பிடித்த பெண் இழுத்துக்கொண்டு போனாள். "உட்றாதடி, அப்பிடியே போதமலை போய்ச் சேந்துருவ!" என்று அத்தை கத்த, எல்லோரும் அந்த அவசரத்திலும் சிரித்தோம். கல்லைத் தூக்கி விளிம்பில் வைக்கிறேன், என் பையில் ஃபோன் அடிக்கிறது. நீ.

"அப்பா! டெம்பரேச்சர் இப்பிடி எறங்குது, ஏனுங்ப்பா செவப்பாகல? மலைக்காத்துன்னே காட்ட மாட்டேங்குது!"

"நீ எங்க சாமி இருக்கற?"

"குண்டக்கல் தாண்டியாச்சு. அத்தை மஞ்சள் என்னாச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல!"

"அள்ளிட்டே இருக்கறோம். நீ காத்துத் திசையில ஏதாச்சும் கை வெச்சியா?"

ரயில் சத்தத்துக்கு நடுவே சின்னக் குரலில், "போன மாசமே ஆஃப்செட்டுன்னு ஒரு திருத்தக் கணக்குப் போட்டு வெச்சேனுங்ப்பா. கோழி நாத்தம் வரப்பெல்லாம் மலைக்காத்துன்னு காட்டுச்சு. கருவிய நீங்க தப்பா மாட்டியிருக்கீங்கன்னு தெரிஞ்சிது. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சாஃப்ட்வேர்லயே தொண்ணூறு டிகிரி திருப்பிட்டேன்" என்றாய். "நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நான் காலைல கருவியவே திருப்பிட்டேன் சாமி."

"அய்யோ அப்பா!"

அதோடு உன் சிக்னல் போனது. எனக்கு மழை வந்தது.

அந்த மழையைப் பற்றி என்ன சொல்ல! கொட்டித் தீர்த்தது. நாலு பேரும் தார்ப்பாயின் நாலு விளிம்பில் உட்கார்ந்து, கல்லோடு கல்லாக நனைந்தோம். தண்ணீர் என் கண்ணில் வழிகிறது, உள்ளே மஞ்சள் காய்ந்து கிடக்கிறது, எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒரே தப்பை அப்பன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருத்தி, காற்றையே புரட்டி வைத்திருக்கிறோம். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ற பொழப்பு போகப் பாத்துது, உனக்கு இளிப்பு வருதா?" என்றாள். பிறகு அவளுக்கும் வந்துவிட்டது. மழை விட்டுத் திறந்து பார்த்தோம். வாய்க்கால் பக்கம் ஒரு ஓரம் நனைந்திருந்தது. அதைத் தனியாகப் பிரித்து வைத்தாள். மற்றதெல்லாம் வேகவைத்த நிறம் மாறாமல் இருந்தது. அவள் பெயரில் மூட்டை இறங்கும்.

இத்துடன் முடிந்திருந்தால் நாம் புத்திசாலிகள். முடியவில்லையே. அன்று பொழுதோடு வீட்டுக்கு வந்ததும் ஈரச் சட்டையோடு மாடி ஏறினேன். மகள் போட்ட கணக்கு ஒரு மாதமாகச் சரியாக ஓடியது, நான் குறுக்கே விழுந்து கெடுத்தேன், அவள் கணக்கே இருக்கட்டும் என்று கருவியைப் பழையபடி கிழக்கே திருப்பி வைத்தேன். பெருந்தன்மை! உனக்குச் சொன்னேனா? இல்லை. நீ ரயிலில் களைத்துப்போய்த் தூங்குவாய், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். நீ என்ன செய்தாய்? சிக்னல் வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, அப்பா நேராக மாட்டிவிட்டார், இனி என் ஆஃப்செட் எதற்கு என்று எடுத்துவிட்டாய். எனக்குச் சொன்னாயா? நனைந்து வந்த மனுஷன் தூங்கட்டும் என்று நினைத்தாயாம். மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மேற்கிலிருந்து கோழி நாற்றம் வீட்டை நிறைத்தது. உன் அம்மா துணி காயுமா என்று பார்க்க ஃபோனைத் திறந்தவள், நிதானமாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, கொல்லிமலைல எப்பப் புடிச்சு கோழிப்பண்ணை வெச்சாங்க?"

எனக்குப் புரை ஏறிவிட்டது.

கீர்த்தனா, சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நேராகச் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் திருத்தினது தப்பில்லை. சொல்லாமல் திருத்தினதுதான் தப்பு. நான் வெட்கத்தில் சொல்லவில்லை, நீ பிரியத்தில் சொல்லவில்லை. காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இந்த வியாதி நம் வீட்டில் இன்று நேற்று வந்ததும் இல்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் கம்பெனி பஸ்ஸைத் தினமும் தவற விடுவேன். உன் அம்மா ஒருநாள் சுவர்க் கடிகாரத்தை எனக்குத் தெரியாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த சரசு அத்தையும், தம்பி வேலையை விட்டுவிடப் போகிறானே என்று, அவளுக்குத் தெரியாமல் அதே கடிகாரத்தை இன்னும் தள்ளி வைத்தாள். நான் அடித்துப் பிடித்து ஓடிப்போய் நின்றால் பஸ் ஸ்டாப்பில் நாயைத் தவிர யாரும் இல்லை. டீக்கடைக்காரரே அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "மாப்ள, பொண்டாட்டி தொரத்திட்டாளா?" என்று கேட்டார். கோபத்தோடு வீட்டுக்கு வந்து கேட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் மேல் அக்கறை. அக்கறை இரட்டிப்பானதில் நான் இருட்டில் நின்றேன்.

நீ இப்போது போயிருக்கிற ஆபீசில் உன்னைவிடப் பெரியவர்கள் தப்பாக முடுக்கி வைத்த திருகுகள் நிறைய இருக்கும். உனக்குக் கண்ணில் பட்டுவிடும், அது எனக்குத் தெரியும். பெரிய மனுஷர் சங்கடப்படுவாரே என்று கமுக்கமாகச் சரிசெய்து வைக்காதே. மரியாதை வேண்டியதுதான், அதற்காக மறைக்க வேண்டியதில்லை. போய்ச் சொல். அவர் முகம் சுண்டும், சுண்டட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். நாளைக்கு உனக்கென்று ஒருவன் வருவான். அவனிடத்திலும் இதே கதைதான். அவன் செய்த தப்பை அவனுக்குத் தெரியாமல் நீ சரிக்கட்டிக்கொண்டே போனால், என்றைக்காவது அவனும் திருந்தித் தன் பங்குக்குத் திருப்புவான். அன்றைக்குப் பார், இரண்டு நல்லவர்கள் சேர்ந்து வீட்டை எந்தத் திசையில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று. இன்னொன்றும் சொல்லவேண்டும். சண்டையில் நீ சொன்னதுதான் சரி. எண்ணை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் நமக்குப் பாதுகாப்பு, அத்தைக்கு என்ன பயன்? ஆனால் அன்று களத்தில் உன் வார்த்தை பொய் சொன்னபோது உண்மையைச் சொன்னது என் எண்தான். ஆகவே வெப்பத்துக்கு மட்டும் அந்த முள் ஆடுகிற பழைய மீட்டரைத் திரும்பப் போட்டுத் தா. ஒன்றே ஒன்று. கெஞ்சிக் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தோம் என்பதையும் ஊருக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மாடியில் ஸ்பேனரோடு, நீ புனே ஹாஸ்டலில் லேப்டாப்போடு, நடுவில் ஸ்பீக்கரில் ஃபோன். இந்தத் தடவை வாயைத் திறந்து பேசிக்கொண்டே செய்தோம். கருவியை நேர் வடக்கே நிறுத்துவது என் வேலை. ஆஃப்செட்டைத் தொடாமல் பூஜ்யத்தில் விடுவது உன் வேலை. நான் முடுக்கினேன்.

"திருப்பிட்டேன் சாமி. நீ எதையும் தொடலயே?"

"சத்தியமா தொடலீங்ப்பா. நீங்க அதுக்கப்பறம் தொடலயே?"

"இல்ல. ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டேன்."

"உங்கள நம்ப முடியாது. அம்மா, அந்த ஸ்பேனர வாங்கி வையுங்க!"

உன் அம்மா நிஜமாகவே வாங்கிக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் காத்திருந்தோம். காற்று வருகிற வழியாக இல்லை. வெயில் ஏறியது, நீ எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாய், நான் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் கோழி நாற்றத்துக்காக மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏங்கிய முதல் ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் மேற்கே தென்னை ஓலை அசைந்தது. வந்தது. கும்மென்று, முழுசாக, கண் எரிகிற மாதிரி வந்தது.

"வருது சாமி, வருது! என்ன காட்டுது?"

"கோழிப்பண்ணைக் காற்று!" என்று நீ அங்கே கத்தியதில் உன் அறைத்தோழி பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டது எனக்கே கேட்டது. நான் இங்கே ஆழமாக மூச்சை இழுத்தேன். அதைவிட நல்ல வாசனையை நான் மோந்ததில்லை.

அன்றே தளத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கோடிங்கில் நானே செய்தது, கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் அழகாக்கிக்கொள், ஆனால் செய்வதற்கு முன்னால் எனக்குச் சொல். தளத்தைத் திறக்கிறவர்கள் எல்லோரும் இனி அதைப் பார்ப்பார்கள். கருவி என்ன, எங்கே மாட்டியிருக்கிறது என்று நீ கேட்ட நாலு வரிக்குப் பதில் அந்த ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன்:

'காற்றைக் கடைசியாகத் திருப்பியவர்: அப்பா. மகளிடம் சொல்லிவிட்டு.'